டீயில் முக்கும் நொடிக்கணக்கு: பிஸ்கட்டையும் பேக்கரி கேக்கையும் ரசித்துச் சாப்பிட முழுமையான வழிகாட்டி

டீ கிளாஸுக்குள் பாதி பிஸ்கட் உடைந்து விழுந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் மனசு கஷ்டப்படும். மேலே ஊறின பிஸ்கட்டும் போச்சு, கீழே டீயும் மண்டியாகிப் போச்சு. பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடுவது, கிரீமை மட்டும் நக்கி எடுப்பது, ஓரத்தைச் சுற்றிக் கொறித்துவிட்டு நடுவைக் கடைசிக்கு வைப்பது, தேன் கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சாப்பிடுவது என்று ஆளுக்கொரு பழக்கம் உண்டு. இவற்றைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. பிஸ்கட் எதனால் ஆனது, ஈரம் அதற்குள் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் எந்தப் பழக்கத்தையும் பிசகாமல் செய்யலாம்.

பிஸ்கட்டுக்குள் என்ன நடக்கிறது

மைதா, சர்க்கரை, கொழுப்பு. பெரும்பாலான பிஸ்கட்டுக்கு இந்த மூன்றும்தான் ஆதாரம். அடுப்பில் வேகும்போது மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போய்விடும். முடிவில் மிஞ்சும் ஈரம் நூற்றில் சில பங்குதான். உருகின சர்க்கரை ஆறும்போது கண்ணாடி மாதிரி இறுகி, மாவுத் துணுக்குகளை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆவி வெளியேறின இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நிற்கும்.

சூடான டீ பட்டதும் அந்தத் துளைகள் வழியாகத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் ஏறுகிறது. சர்க்கரை கரைகிறது, கொழுப்பு இளகுகிறது, மாவு உப்புகிறது. ஒட்டிப் பிடித்திருந்த சர்க்கரை போனதும் துணுக்குகள் தனித்தனியாகிவிடும். ஊறின பகுதிக்குத் தன் எடையைத் தாங்கும் வலு இருக்காது. காய்ந்த பகுதி கொஞ்சமாவது மிச்சமிருந்தால் அதுதான் முழு பிஸ்கட்டையும் தாங்கும். முக்கிச் சாப்பிடுவதன் சூட்சுமம் அந்தக் காய்ந்த பகுதியைக் காப்பாற்றுவதில் இருக்கிறது.

பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதை அளந்து பார்த்தார். அதற்காக 1999-இல், சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வேடிக்கையாகத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் கையில் எடுத்தது 1921-இல் அமெரிக்க வேதியியலாளர் வாஷ்பர்ன் வகுத்த சமன்பாடு. நுண்துளைக்குள் திரவம் போகும் தூரம் இருமடங்காக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். அதாவது ஈரம் முதலில் வேகமாகப் போகும், போகப்போக மெதுவாகும். பெரும்பாலான பிஸ்கட்டுகளுக்கு 3.5 முதல் 5 நொடி, டைஜஸ்டிவ் வகைக்கு 8 நொடி என்பது அவர் சொன்ன கணக்கு. அது அங்கத்திய பிஸ்கட்டுக்கும் அங்கத்திய டீக்கும் போட்டது. நம் ஊர் பிஸ்கட்டுக்கு நாமே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் பிஸ்கட்டுக்கு நொடி பார்ப்பது எப்படி

ஒரே பாக்கெட்டிலிருந்து 4 பிஸ்கட், ஒரு கிளாஸ் டீ, செல்போனில் ஸ்டாப்வாட்ச். இது போதும்.

1. டீயைப் போட்டதும் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று தடவை ஆற்றி, உதட்டில் வைத்தால் சுடும், ஆனால் குடிக்க முடியும் என்ற பதத்துக்கு வரட்டும். கொதிக்கிற டீயில் எந்தக் கணக்கும் நிற்காது.

2. முதல் பிஸ்கட்டை அதன் நீளத்தில் பாதிவரை முக்கி 2 நொடியில் எடுங்கள். அடுத்ததை 3 நொடி, பிறகு 4, பிறகு 5.

3. ஒவ்வொன்றையும் வெளியே எடுத்ததும் படுக்கைவாட்டில் பிடித்து, உடைகிறதா என்று 3 நொடி பாருங்கள். கிளாஸிலிருந்து வாய்க்குப் போகும் நேரம் அவ்வளவுதான்.

4. உடைந்த நொடியிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அதுதான் உங்கள் நொடி.

பார்லே-ஜி மாதிரி மெல்லிய குளுக்கோஸ் பிஸ்கட்டுக்குச் சூடான டீயில் 2 முதல் 3 நொடிக்கு மேல் தாங்காது. மேரி 4 நொடி தாங்கும். வெண்ணெயும் முந்திரியும் நிறைந்த குக்கி வகையில் கொழுப்பு அதிகம் என்பதால் ஈரம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் கொழுப்பு இளகியதும் மணல் மாதிரி சட்டென்று உதிர்ந்துவிடும். அதற்கு 3 நொடி போதும். ஆறின பாலில் எந்த பிஸ்கட்டும் கூடுதல் நேரம் தாங்கும். திரவம் குளிர்ந்தால் பிசுபிசுப்பு கூடி மெதுவாக ஏறும், கொழுப்பும் இளகாது. இவை தோராயமான கணக்குகள். மழைக்காலத்தில் திறந்து வைத்த பாக்கெட்டில் இதிலிருந்து ஒரு நொடியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் தவறுவது முக்குவதில் இல்லை, எடுப்பதில். டீயிலிருந்து எடுத்த பிறகும் பிஸ்கட்டுக்குள் ஈரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எடுத்ததும் கையை லேசாகத் திருப்பி, ஊறின முனையை மேல்நோக்கிப் பிடியுங்கள். காய்ந்த பாதி அடியில் தூணாக நிற்கும். கிளாஸைத் தாடைக்குக் கீழே கொண்டுபோங்கள். பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே முக்குகிறவர்களின் பிஸ்கட்தான் அதிகமும் விழுகிறது.

டீக்கடை கிளாஸில் இன்னொரு சிக்கல். வாய் குறுகலாக இருப்பதால் மேரி பிஸ்கட் பல கிளாஸ்களில் முழுசாக இறங்காது. அமுக்கினால் ஓரம் உடையும். இரண்டாக உடைத்து, உடைந்த நேர்ப்பக்கத்தைக் கையில் பிடித்து வளைந்த பக்கத்தை முக்குங்கள். உடைந்த பக்கத்தில் துளைகள் திறந்து கிடப்பதால் அதை முக்கினால் ஈரம் சட்டென்று ஏறிவிடும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊறின பிஸ்கட் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். டீயை உறிஞ்சும்போது நாக்கு பழகிக்கொள்ளும். ஊறின துண்டு அப்படியே நாக்கில் ஒட்டிச் சுட்டுவிடும். பிள்ளைகளுக்கு வெதுவெதுப்பான பாலே போதும்.

டபராவின் அருமை

பிஸ்கட் முக்குவதற்கு உலகத்திலேயே பொருத்தமான பாத்திரம் எது என்று கேட்டால், நம் வீட்டு டபரா என்று தயங்காமல் சொல்லலாம்.

காரணம் இதுதான். கிளாஸில் செங்குத்தாக முக்கினால் ஈரம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி நடுவில் சந்தித்துவிடும். முக்கின பாதியில் காய்ந்த பகுதி எதுவும் மிஞ்சாது. பிஸ்கட்டைப் படுக்கைவாட்டில் திரவத்தின் மேல் வைத்தால் கீழ்ப்பக்கத்திலிருந்து மட்டும்தான் ஏறும், மேல்பக்கம் பலகை மாதிரி தாங்கும். ஃபிஷரும் இப்படிப் படுக்கைவாட்டில் முக்கத்தான் சொன்னார். உயரமான குவளையில் அது கஷ்டம். வாய் அகன்று ஆழம் குறைந்த டபராவில் அது சுலபம்.

6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நனைந்தால் ஈரம் ஒவ்வொரு பக்கத்திலும் 3 மில்லிமீட்டர் போனாலே முழுக்க ஊறிவிடும். அதற்கு 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பக்கம் நனைந்தால் 6 மில்லிமீட்டரையும் கடக்க 16 நொடி ஆகும். 9 நொடியில் 4.5 மில்லிமீட்டர் ஊறி, மேலே 1.5 மில்லிமீட்டர் காய்ந்து நிற்கும். கடித்தால் கீழே பஞ்சு, மேலே மொறுமொறுப்பு. இந்த இரண்டும் சேர்ந்த பதம் கிளாஸில் கிடைக்காது.

செய்முறை: காபியை வழக்கம்போல ஆற்றிவிட்டு, டபராவில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். மீதி டம்ளரிலேயே இருக்கட்டும். மேரி பிஸ்கட்டை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, காபியின் மேல்பரப்பில் படியும்படி வையுங்கள். அழுத்த வேண்டாம். அழுத்தினால் காபி மேலே ஏறி மேல்பக்கமும் நனைந்துவிடும். 8 அல்லது 9 நொடி. எடுக்கும்போது ஒரு பக்கத்தைத் தூக்காமல் மட்டமாகவே எடுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பிஸ்கட் துணுக்கும் அதிலிருந்து வரும் எண்ணெய்ப் படலமும் டபராவிலேயே நின்றுவிடும். டம்ளரிலிருக்கும் டிகாக்ஷன் மணம் கெடாது. ஃபில்டர் காபியில் பிஸ்கட் முக்குவதே பாவம் என்று நினைப்பவர்கள் சொல்லும் குறை இதனால் தீர்ந்துவிடும்.

மேரி பிறந்த கதையையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். 1874-இல் ரஷ்ய இளவரசி மரியா அலெக்சாந்த்ரோவ்னா பிரிட்டிஷ் இளவரசரை மணந்ததையொட்டி லண்டனில் பீக் ஃப்ரீன்ஸ் நிறுவனம் போட்ட பிஸ்கட் அது. 1910-இல் போர்பன் என்ற சாக்லேட் கிரீம் பிஸ்கட்டை அறிமுகப்படுத்தியதும் அதே நிறுவனம்தான்.

டீக்கடை ஜாடியிலிருந்து

கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட் தடிமன் அதிகம், நன்றாகக் காய்ந்தது. 2 நொடியில் எடுத்தால் மேல்தோல் மட்டும் நனைந்து உள்ளே பல்லுக்கு வேலை வைக்கும். 6 முதல் 8 நொடி கொடுங்கள். முக்கும்போது சின்னச் சின்னக் குமிழ்கள் வரும். உள்ளேயிருக்கும் காற்று வெளியேறி அந்த இடத்தில் டீ போகிறது என்று அர்த்தம். குமிழ் குறைந்ததும் எடுத்துவிடுங்கள். கைக்கடிகாரத்தைவிட இந்த அடையாளத்தை நம்பலாம்.

ரஸ்க் இருமுறை சுட்ட ரொட்டி. துளைகள் பெரிசு என்பதால் ஈரம் வேகமாக ஏறும். ஆனால் ரொட்டிக்குள் இருக்கும் மாவுப்பசை வலை மாதிரி தாங்குவதால் சட்டென்று உடையாது. 4 முதல் 5 நொடி. பிரச்சினை உடைவதில் இல்லை, ஒரே ரஸ்க் கால் கிளாஸ் டீயைக் குடித்துவிடும். இரண்டு ரஸ்க் சாப்பிடுவதாக இருந்தால் டீயைக் கொஞ்சம் தாராளமாகக் கேட்டு வாங்குங்கள்.

வர்க்கி தனி ரகம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு தடவியிருப்பதால் டீ அடுக்குகளின் இடுக்கு வழியாகத்தான் போகும், மாவுக்குள் அவ்வளவு ஏறாது. அப்படியே முழுசாக முக்கினால் வெளி அடுக்கு கழன்று டீயில் மிதக்கும். சரியான முறை: வர்க்கியைக் காகிதத்தின் மேல் வைத்து நடுவில் கட்டைவிரலால் அழுத்தி இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். பிளந்த உள்பக்கத்தை 3 நொடி முக்கி, உடனே வாயில். காகிதத்தில் சிந்தின செதில்களை வீணாக்காதீர்கள். கடைசி கால் கிளாஸ் டீயில் அவற்றைக் கொட்டி, இரண்டு சுற்று சுற்றிக் குடிக்கலாம். ஊட்டிக் குளிரில் இது தனிச் சுகம்.

தூத்துக்குடி மக்ரூனை மட்டும் தயவுசெய்து எதிலும் முக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் அடித்து நுரையாக்கி உலர்த்தினது அது. திரவம் பட்டால் நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விடும். கூர்முனையை நாக்கில் வைத்து, வாயை மூடி, பல்லைப் பயன்படுத்தாமல் கரையவிடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு முந்திரி. அந்த வரிசையில் சுவை வருவதற்காகவே இந்தப் பொறுமை. டப்பாவை மூடாமல் வைத்தால் கடலோர ஊரில் ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும்.

கிரீமைப் பிரிப்பது

கிரீம் பிஸ்கட்டைத் திருகிப் பிரித்தால் கிரீம் ஏன் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்கிறது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர் கிரிஸ்டல் ஓவன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இதை ஓரியோவில் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். திருகும் வேகத்தை மாற்றிப் பார்த்தும் கிரீம் பெரும்பாலும் ஒரே பிஸ்கட்டில்தான் நின்றது. கிரீம் கிழியவில்லை, ஒரு பக்கத்தில் ஒட்டு விட்டுப்போகிறது. ஆகவே கையின் திறமையால் பாதிப் பாதியாகப் பிரிக்க முடியாது.

முழுக் கிரீமும் ஒரே பக்கம், மறுபக்கம் துடைத்துவிட்டது மாதிரி வேண்டும் என்பவர்கள் பிஸ்கட்டை 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிரீம் இறுகி மொத்தமாகக் கழன்று வரும். சித்திரை வெயிலில் வெளியே வைத்த பாக்கெட்டில் கிரீம் இளகியிருக்கும். அப்போது திருகினால் இரண்டு பக்கமும் இழுபடும், பிஸ்கட்டும் உடையும்.

அண்ணன் தங்கைக்குச் சரிபாதி வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. சுத்தமான மெல்லிய நூலை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்து, கிரீமின் நடு உயரத்தில் வைத்து, ரம்பம் மாதிரி அசைக்காமல் ஒரே இழுப்பில் இழுங்கள். ஃபிரிட்ஜில் வைத்த பிஸ்கட்டுக்கு இது ஆகாது. கிரீம் சாதாரண அறைச் சூட்டில் இருக்க வேண்டும்.

போர்பன் நீள்சதுரம் என்பதால் திருகினால் முனை உடையும். குறுகிய பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை இரண்டு பிஸ்கட்டுக்கும் நடுவே செருகி, நெம்பாமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஜிம் ஜாமில் நடுவிலிருக்கும் ஜாமைக் கடைசிக்கு வைப்பதுதான் எல்லோருடைய ஆசையும். மேல் பிஸ்கட்டைக் கால் சுற்று மட்டும் மெதுவாகத் திருகி, ஜாம் நூலாக இழுபடும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். நூல் தானாக அறுந்து ஜாம் கீழே உட்கார்ந்துகொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் ஜாம் மேல் பிஸ்கட்டின் ஓட்டையோடு போய்விடும்.

மில்க் பிக்கிஸ் போன்றவற்றை ஓரமாகச் சுற்றிக் கொறிப்பதிலும் விஷயம் இருக்கிறது. அடுப்பில் ஓரம் முதலில் காய்ந்து முதலில் சிவக்கும். ஓரத்தில் கருகலின் மணமும் நடுவில் பாலின் மணமும் தூக்கலாக இருக்கும். கொறிக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அது இரண்டு சுவையையும் பிரித்துப் பார்க்கிறது.

பிஸ்கட்டே உறிஞ்சுகுழல்: டிம் டாம் ஸ்லாம்

இது ஆஸ்திரேலியாவின் பழக்கம். அர்னாட்ஸ் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த டிம் டாம், இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே சாக்லேட் கிரீம் வைத்து மேலே முழுக்கச் சாக்லேட் பூசினது. அதன் வழியாகக் காபியை உறிஞ்சிக் குடிப்பார்கள்.

1. எதிரெதிர் மூலைகளில், குறுக்காக, 5 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் கடியுங்கள். உள்ளே பிஸ்கட் தெரிய வேண்டும்.

2. ஒரு மூலையைச் சூடான காபியில் அரை சென்டிமீட்டர் இறக்கி, மறு மூலையை உதட்டால் முழுக்க மூடுங்கள்.

3. உறிஞ்சுங்கள். முதல் இரண்டு நொடி ஒன்றும் வராது. நாக்கில் காபி பட்டதும் நிறுத்துங்கள்.

4. உடனே முழு பிஸ்கட்டையும் வாயில் போடுங்கள். இரண்டு நொடி தாமதித்தாலும் உள்ளே கூழாகிக் கையோடு வந்துவிடும்.

வெளியே இருக்கும் சாக்லேட் பூச்சுதான் குழாயின் சுவர். அதில் விரிசல் இருந்தால் காற்று நுழைந்து உறிஞ்ச முடியாது. இதே காரணத்தால் போர்பனில் இது நடக்கவே நடக்காது, அதன் பக்கங்கள் திறந்தவை. இங்கே செய்து பார்க்க விரும்பினால் கிட்காட் விரல் ஒன்றின் இரண்டு முனையையும் கடித்துவிட்டு முயலுங்கள். காபி கொதிநிலையில் இருந்தால் பூச்சு ஓட்டையாகும், நாக்கும் வெந்துவிடும். ஒரு வாய் குடித்துப் பார்த்து, சுடாமல் இறங்கினால் அதுதான் பதம்.

ஊறவே விடுவது: இலங்கையின் பிஸ்கட் புட்டிங்

மேரி பிஸ்கட் முழுக்க ஊறிக் கேக்காக மாறுவதுதான் இதன் அழகு. இலங்கையில் பிறந்தநாள், விருந்து என்றால் இது இல்லாமல் இருக்காது. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு: மேரி பிஸ்கட் 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், ஐசிங் சர்க்கரை 200 கிராம், கோகோ தூள் 4 மேசைக்கரண்டி, பால் ஒரு கப், வறுத்து உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி.

வெண்ணெய் விரல் பட்டால் அமுங்கும் பதத்தில் இருக்கட்டும். உருக்கினால் கிரீம் எண்ணெயாகத் திரியும். வெண்ணெயையும் சலித்த ஐசிங் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, கோகோவை 3 மேசைக்கரண்டி சூடான தண்ணீரில் குழைத்து ஆறவைத்துச் சேருங்கள். கோகோவைத் தூளாகவே போட்டால் கட்டிகட்டியாக நிற்கும். வெதுவெதுப்பான பாலில் ஒவ்வொரு பிஸ்கட்டையும் 2 நொடி நனைத்து அடுக்குங்கள். மூலையில் இடைவெளி வந்தால் உடைத்த துண்டுகளால் நிரப்புங்கள். மேலே கிரீம், மறுபடி பிஸ்கட். நான்கு அடுக்கு வரும். கடைசிக் கிரீமின் மேல் முந்திரி.

மூடி ஃபிரிட்ஜில் 8 மணி நேரம். சீக்கிரம் வெட்டினால் பிஸ்கட் தனி, கிரீம் தனியாகப் பல்லில் படும். பிஸ்கட்டை அதிகம் நனைத்தால் அடியில் பால் தேங்கும். நனைக்கும்போது காய்ந்தது மாதிரி தோன்றுவதுதான் சரி. மீதி ஈரத்தை இரவில் கிரீமிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும்.

உப்புப் பிரியர்களுக்கு மோனாக்கோ என்ற உப்பு பிஸ்கட். மேலே வெங்காயம், தக்காளி, ஓமப்பொடி வைத்துத் தருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தட்டு வருவதற்குள் நமுத்துவிடுகிறது என்பார்கள். விதை நீக்கின தக்காளியை மட்டும் போடுங்கள், வெங்காயத்தில் உப்பு சேர்க்காதீர்கள் (பிஸ்கட்டிலேயே இருக்கிறது, உப்பு பட்டால் வெங்காயம் தண்ணீர் விடும்), பிஸ்கட்டின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிசாக வெண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் மொறுமொறுப்பு நிற்கும்.

கேக் பக்கம்

பிஸ்கட்டும் கேக்கும் பழசாகும் விதம் நேரெதிர். பிரிட்டனில் ஜாஃபா கேக் என்ற தின்பண்டம் பிஸ்கட்டா கேக்கா என்று வரி தொடர்பாக வழக்கு வந்து, 1991-இல் தீர்ப்பாயம் அதைக் கேக் என்றது. பார்க்கப்பட்ட அம்சங்களில் ஒன்று இதுதான்: பழசானால் பிஸ்கட் நமுக்கும், கேக் இறுகும். பிஸ்கட் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குகிறது, கேக் தன் ஈரத்தை விடுகிறது. கேக்கை எப்படி மீட்பது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

இறுகிப்போன டீக்கடை கேக் துண்டை இட்லிப் பானையில், ஆவி வந்த பிறகு, 30 நொடி மட்டும் வைத்து எடுங்கள். அல்லது தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டுக் குறைந்த தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். வெளியே சிவந்து மொறுமொறுக்கும், உள்ளே மறுபடி இளகும். புதுக் கேக்கைவிட இதைத் தேடிச் சாப்பிடுபவர்கள் உண்டு, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெண்ணெய், கிரீம் இல்லாத சாதாரணக் கேக்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவு இன்னும் சீக்கிரம் இறுகும்.

பேக்கரித் தேன் கேக்கில் சர்க்கரைப் பாகு அடியில் இறங்கித் தேங்கியிருக்கும். மேல்பாதி காய்ந்து, அடிப்பாதி சொதசொதவென்று இருப்பதாகக் குறை சொல்பவர்கள் அதைத் தலைகீழாகத் தட்டில் கவிழ்த்து 10 நிமிடம் விட்டுப் பாருங்கள். ஜாமும் தேங்காய்த் துருவலும் தட்டில் ஒட்டாமலிருக்க அடியில் ஒரு பட்டர் பேப்பர். பாகு திரும்பி இறங்கி எல்லா இடமும் ஒரே பதமாகும். ஃபிரிட்ஜில் வைத்திருந்ததென்றால் முதலில் 20 நிமிடம் வெளியே இருக்கட்டும், குளிர்ந்த பாகு நகராது.

வீட்டில் செய்தால், 20 சென்டிமீட்டர் சதுர ஸ்பாஞ்சுக்கு 100 கிராம் சர்க்கரையை 150 மில்லி தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 2 மேசைக்கரண்டி தேன் சேருங்கள். ஆறின கேக்கில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பல்குச்சியால் குத்தி, பாகை மூன்று தவணையாக ஊற்றுங்கள். சூடான கேக்கில் சூடான பாகை ஊற்றினால் களியாகிவிடும். வெண்ணெய்க் கேக் பாகைக் குடிக்காது, ஸ்பாஞ்ச்தான் வேண்டும்.

சோக்கோ பை என்ற சாக்லேட் பூசின குட்டிக் கேக்கை உறையைப் பிரித்துவிட்டு, தட்டில் வைத்து, மைக்ரோவேவில் 10 நொடி. நடுவிலிருக்கும் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பின் காற்றுக் குமிழ்கள் விரிந்து கேக் உயரும். 20 நொடியைத் தாண்டினால் வழிந்து, ஆறியதும் ரப்பர் மாதிரி இழுக்கும். உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம், அரை நிமிடம் பொறுங்கள். டார்க் ஃபேண்டசி போன்ற உள்ளே சாக்லேட் நிரப்பின பிஸ்கட்டுக்கு 8 நொடி போதும். நேரெதிர் ரசனை உள்ளவர்கள் சோக்கோ பையை ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைக்கலாம், ஐஸ்கிரீம் கேக் மாதிரி கடிபடும்.

நமுத்த பிஸ்கட்டும் டப்பாவும்

நமுத்துப்போன பிஸ்கட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மிகக் குறைந்த தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம், அல்லது ஓவனில் 120 டிகிரியில் 7 நிமிடம். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். சரியாகவில்லை என்று இன்னும் சூடாக்கினால் கருகும். தட்டில் பரப்பி முழுக்க ஆறின பிறகுதான் சர்க்கரை மறுபடி இறுகி மொறுமொறுப்பு வரும். கிரீம் பிஸ்கட்டுக்கு இது ஆகாது. சிக்குவாடை அடித்தால் கொழுப்பு கெட்டுவிட்டது, அதை எதுவும் மீட்காது.

டப்பாவில் பன்னையும் பிஸ்கட்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். பன் விடும் ஈரத்தைப் பிஸ்கட் வாங்கிக்கொள்ளும், ஒரே இரவில் இரண்டும் கெடும். கடலோர ஊர்களில் 2 மேசைக்கரண்டி அரிசியை வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து டப்பாவின் அடியில் போடுங்கள். பத்து நாளுக்கொரு முறை அதே அரிசியை மறுபடி வறுத்துக்கொள்ளலாம்.